தமிழகத்தில் மர விசைப்படகுகளும் எஞ்சின் பராமரிப்பும்

மரத்தால் கட்டிய உடலுக்குள் டீசல் எஞ்சின் பொருத்தி, புரொப்பல்லரால் செலுத்தப்படும் மீன்பிடிப் படகு மர விசைப்படகு எனப்படுகிறது. கட்டுமரமும் பாய் வள்ளமும் ஓடிய தமிழகக் கடற்கரையில் இது 1950களுக்குப் பின்னரே பரவியது.

இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் 1952 அக்டோபரில் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் இந்தோ-நார்வே திட்டம் கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் தொடங்கியது. 1960களில் அது மண்டபத்துக்கும் விரிந்தது. கொச்சியில் 1957இல் அமைந்த மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மரப்படகுகளுக்கான வடிவங்களை உருவாக்கியது. ரஸ்டன், கிர்லோஸ்கர் எஞ்சின்களும், பின்னாளில் லாரிகளில் ஓடிய அசோக் லேலண்ட் எஞ்சின்களும் படகேறின.

எழுமலை, உசிலம்பட்டி போன்ற மானாவாரிப் பகுதிகளின் கிணற்று மேட்டில் நீர் இறைத்த ஆயில் எஞ்சினுக்கும் இவற்றுக்கும் அடிப்படை இயக்கம் ஒன்றே. ஆனால் கிணற்று எஞ்சின் நின்றால் மெக்கானிக்கை அழைத்துவர ஆள் அனுப்பலாம். நடுக்கடலில் நின்றால் படகில் இருப்பவர்தான் மெக்கானிக்.

பெரும்பாலான கோளாறுகள் எஞ்சினில் அல்ல, எரிபொருளில் தொடங்குகின்றன. பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் ஈரக்காற்று நீராகப் படிகிறது. கேனிலிருந்து ஊற்றும்போது கடல்நீரும் தூசும் சேர்கின்றன. டீசலைவிடக் கனமானதால் நீர் அடியில் தங்கும். கடல் அமைதியாக இருக்கும்வரை தொல்லை தெரியாது. அலை எழுந்து படகு ஆடும்போது அடிவண்டல் கலங்கி, ஃபில்டரை அடைத்துவிடும். எஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரத்தில் நிற்பதற்கு இதுவே காரணம். ஆகவே புறப்படுமுன் டேங்கின் அடித்திருகைத் திறந்து நீரை வடிப்பதும், கரையில் திரும்பியதும் டேங்கை நிரப்பி வைப்பதும் நல்ல ஓட்டுநரின் வழக்கம்.

ஃபில்டர் மாற்றினால் குழாய்க்குள் காற்று புகும். காற்று அமுங்கிக் கொடுப்பதால் பம்பின் அழுத்தம் நாசிலை எட்டாது. இதையே ‘ஏர் லாக்’ என்பர். ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக் குமிழியில்லாத டீசல் வரும்வரை விடுவார்கள். பிறகு நாசில் குழாய்களின் நட்டைத் தளர்த்தி எஞ்சினைச் சுற்றிக் காற்றை வெளியேற்றுவார்கள்.

மர உடலுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கரையில் ஏற்றிய படகின் பலகைகள் காய்ந்து சுருங்குகின்றன. நீரில் இறக்கியதும் ஊறி விரிய, படகின் உருவமே சிறிது மாறுகிறது. கரையில் நேராக இருந்த எஞ்சினும் சாஃப்டும் கடலில் கோணலாகலாம். அதனால் படகு மிதந்து, மரம் ஊறிய பின்னரே இணைப்பை மீண்டும் சரிபார்க்க வேண்டும். இதை அவசரத்தில் விட்டால் பேரிங் தேய்ந்து அதிர்வு கூடும். கடல்நீர் நேரடியாகச் சுற்றும் எஞ்சின்களில் உப்பரிப்பு வேறு.

பாக் நீரிணையில் இப்பராமரிப்பு பழுதுச் செலவோடு முடிவதில்லை. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த இந்திய-இலங்கை கடல் எல்லை இங்கு கரைக்கு மிக அருகில் செல்கிறது. எஞ்சின் நின்ற படகு நீரோட்டத்தில் எல்லை தாண்டினால் ஆட்கள் கைதாவதும் படகு பறிபோவதும் நேரும்.

பெரிய பழுதுவேலைகள் தடைக்காலத்தில் நடக்கின்றன. தமிழகத்தில் 2001 முதல் நடைமுறையிலுள்ள மீன்பிடித் தடை முதலில் 45 நாள்களாக இருந்து, 2017 முதல் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்களானது. அப்போது படகைக் கரையேற்றி, எஞ்சினைப் பிரித்து, நாசில்களைச் சோதித்து, டேங்கைக் கழுவி, பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்து வண்ணம் பூசுகின்றனர். வருமானமற்ற இந்த மாதங்களில்தான் உரிமையாளருக்கு ஆண்டின் பெரும் செலவும் வருகிறது.