காஸ்ட்லெஸ் கலெக்டிவ்

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்பது 2017 ஆம் ஆண்டில் சென்னையில் உருவாக்கப்பட்ட ஒரு தமிழ் இசைக்குழு ஆகும். வட சென்னையின் கானாப் பாடலை ராக், ராப் ஆகிய இசை வகைகளுடன் இணைத்து, சாதி எதிர்ப்பைப் பாடுபொருளாகக் கொண்டு இக்குழு பாடுகிறது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் நிறுவிய நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனமும் இணைந்து இக்குழுவை உருவாக்கின. இதன் முதல் இசைத்தொகுப்பான "மகிழ்ச்சி" 2018 இல் வெளிவந்தது.

பெயர்க்காரணம்

குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) சிந்தனையிலிருந்து பெறப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்கள் தம்மைச் சாதியற்ற தமிழர் என்று அடையாளப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று அவர் கருதினார். 1907 இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து "ஒரு பைசாத் தமிழன்" என்னும் வார இதழைத் தொடங்கியவரும் இவரே. நூறாண்டுகளுக்கு முன்னர் அச்சில் எழுப்பப்பட்ட கோரிக்கை ஒன்று, ஓர் இசைக்குழுவின் பெயராக மேடைக்கு வந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

கானாவும் வட சென்னையும்

இக்குழுவின் இசையைப் புரிந்துகொள்ளக் கானாவைப் பற்றி அறிதல் வேண்டும். இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு, திருவொற்றியூர் முதலிய பகுதிகளில் துறைமுகக் கூலிகள், ஆலைத் தொழிலாளர்கள், மீனவர்கள், ரிக்சா ஓட்டுநர்கள் ஆகியோரிடையே வழங்கிய வாய்மொழிப் பாடலே கானா. தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856 இல் இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. பின்னர் துறைமுகமும், பெரம்பூரில் பின்னி ஆலையும் எழுந்தபோது வேலை தேடிப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் இங்கு வந்து குடியேறினர். தமிழுடன் தெலுங்கு, உருது, ஆங்கிலச் சொற்கள் கலந்து புழங்கும் சென்னைப் பேச்சு கானாவின் மொழியாயிற்று. பேஜார், நாஷ்டா போன்ற சொற்கள் இப்பாடல்களில் இயல்பாக வந்து விழும்.

கானாவின் முதன்மையான களம் சாவு வீடு ஆகும். இறந்தவரின் உடலருகே இரவு முழுவதும் விழித்திருப்போர்க்காகவும், பின்னர் நினைவு நாளிலும் கானாப் பாடகர்கள் பாடுவர். இறந்தவரின் பெயர், தொழில், குணம், அவர் விட்டுச்சென்ற உறவுகள் ஆகியவற்றை அங்கேயே பாட்டில் சேர்த்துவிடும் திறமை நல்ல பாடகருக்கு வேண்டும். டேப், டோலக் ஆகியவை வாய்த்தால் இசைப்பர். இல்லையெனில் மேசையோ தகரமோ போதும். எழுதிவைக்கும் வழக்கம் இல்லாததால் எத்தனையோ பாடல்களுக்கு ஆசிரியர் யார் என்பது தெரியாமற் போயிற்று.

1990களில் இசையமைப்பாளர் தேவா திரைப்படங்களில் கானாவைப் பரவலாக்கினார். 2006 இல் வெளிவந்த "சித்திரம் பேசுதடி" திரைப்படத்தில் கானா உலகநாதனும், 2012 இல் வெளிவந்த இரஞ்சித்தின் "அட்டகத்தி" திரைப்படத்தில் கானா பாலாவும் பாடிப் புகழ்பெற்றனர். ஆயினும் திரையில் கானா பெரும்பாலும் கேலிக்கும் குடிக்கும் காதல் தோல்விக்கும் உரிய பாட்டாகவே நிறுத்தப்பட்டது. அதைப் பாடும் மக்களின் வாழ்வு அதில் அரிதாகவே இடம்பெற்றது.

உருவாக்கம்

டென்மா இதற்கு முன்னர் கபேர் வாசுகியுடன் "குரங்கன்" என்னும் குழுவில் இயங்கியவர். (எண்ணூர்க் கழிமுகம் பாழாக்கப்படுவதைப் பற்றி 2017 இல் டி. எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த "சென்னைப் புறம்போக்குப் பாடலை" எழுதியவர் இந்தக் கபேர் வாசுகியே.) குரல்தேர்வு நடத்தி 19 பேர் தெரிவு செய்யப்பட்டனர். கானாப் பாடகர்களும், ராப் பாடகர் அறிவும், கிதார், டிரம்ஸ் கலைஞர்களும், பறை, தவில், சட்டி மோளம், கட்ட மோளம் ஆகியவற்றை இசைப்போரும் ஒரே குழுவில் இடம்பெற்றனர். சட்டியும் கட்டையும் சாவு ஊர்வலத்துக்கு உரியவை என ஒதுக்கப்பட்டவை. அவை மின் கிதாரின் அருகே வைக்கப்பட்டன. தொடக்கக் குழுவில் இருந்த ஒரே பெண் இராயபுரத்தில் பிறந்த இசைவாணி. ஆண்களே பாடிவந்த கானாவில் அவர் தனியிடம் பெற்றார். 2020 இல் பி.பி.சி. வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

முதல் நிகழ்ச்சி 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் நடைபெற்றது. அம்பேத்கரின் உடையை நினைவூட்டும் வகையில் கலைஞர்கள் கோட்டு அணிந்து மேடையேறினர். ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் கருநாடக இசைக் கச்சேரிகள் நிகழும் மார்கழி மாதத்திலேயே இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2020 திசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய "மார்கழியில் மக்களிசை" விழா இந்த முரணையே தன் பெயராக்கிக்கொண்டது.

பாடல்கள்

"ஜெய் பீம் ஆந்தம்" அம்பேத்கரைப் போற்றுவது. "கோட்டா" இடஒதுக்கீட்டுக்காக வாதிடுகிறது. மாட்டிறைச்சி உண்ணும் உரிமை பற்றியும், வட சென்னையைப் பற்றியும் தனித்தனிப் பாடல்கள் உண்டு. "மகிழ்ச்சி" என்னும் சொல் இரஞ்சித்தின் "கபாலி" (2016) திரைப்படத்தில் ரசினிகாந்து பேசிப் பரவியது. மெட்டுகள் எளியவை, கூடிப் பாடத் தக்கவை. சாவு வீட்டில் ஒருவரின் வாழ்வைச் சொல்லும் கானா, இங்கே ஒரு பகுதி மக்களின் வழக்கை எடுத்துரைக்கிறது.

பின்னைய நிகழ்வுகள்

குழுவினர் பலர் தனித்தும் இயங்கினர். அறிவு 2019 இல் ஆஃப்ரோவுடன் இணைந்து "தெருக்குரல்" தொகுப்பை வெளியிட்டார். 2021 இல் அவரும் தீயும் பாடிய "எஞ்சாயி எஞ்சாமி" உலகெங்கும் கேட்கப்பட்டது. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அப்பாடலை எழுதிய அறிவின் படம் இடம்பெறாததை இரஞ்சித் கண்டித்தார். அதன் பின்னர் அவ்விதழ் அறிவுக்கெனத் தனி இணைய அட்டையை வெளியிட்டது. பாடியவரின் பெயர் பாட்டோடு நிற்க வேண்டும் என்ற சிக்கல் கானாவுக்குப் புதிதன்று. டென்மா "இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு" (2019), "நட்சத்திரம் நகர்கிறது" (2022) ஆகிய திரைப்படங்களுக்கு இசையமைத்தார்.

சபரிமலைக்குப் பெண்கள் செல்வது குறித்த 2018 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையொட்டி எழுந்த விவாதக் காலத்தில் குழு பாடிய "ஐ ஆம் சாரி ஐயப்பா" பாடல், பல ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில் சர்ச்சைக்கு உள்ளானது. பக்தர்களின் மனத்தைப் புண்படுத்துவதாகக் காவல்துறையில் புகார்கள் அளிக்கப்பட்டன. இசைவாணிக்கு மிரட்டல்களும் வந்தன. பாடல் கோயில் நுழைவு உரிமையைப் பற்றியது என்று விளக்கி, நீலம் பண்பாட்டு மையம் அவருக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டது.