ரங்கூன் நகரத்தார் நிறுவனங்களின் கூட்டு வணிக முறை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இரண்டாம் உலகப் போர் வரை பர்மாவில் (இன்றைய மியான்மர்) லேவாதேவி, அதாவது பணம் கொடுக்கல் வாங்கல், நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் (செட்டியார்) நிறுவனங்கள், தனித்தனி முதலும் தனித்தனிக் கணக்கும் உடையனவாக இருந்தபோதிலும், ஒன்றின் பணத்தை மற்றொன்று பயன்படுத்தவும், வட்டியைக் கூடிப் பேசி முடிவு செய்யவும், நெருக்கடியில் ஒன்றையொன்று தாங்கவும் ஏற்ற ஒழுங்கொன்றை வகுத்துக்கொண்டன. இவ்வொழுங்கின் தலைமையிடமாக ரங்கூன் (இன்றைய யாங்கூன்) விளங்கியது. 1929–30இல் விசாரணை நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் சுமார் 1,650 செட்டியார் நிறுவனங்கள் இருந்ததாகவும், அவற்றில் புழங்கிய பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. நிறுவனங்கள் தம் தனித்தன்மையை இழக்காமல் இணைந்து செயல்படுவது எவ்வாறு என்பதற்கும், அவ்விணைப்பின் எல்லை எது என்பதற்கும் தமிழர் வணிக வரலாற்றில் இதைவிட விரிவான சான்றைக் காண்பது அரிது.

பின்னணி

1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் வசமானதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்ததும் ஐராவதி கழிமுகத்தை நெல் விளையும் நாடாக மாற்றின. 1850களின் நடுவில் சுமார் 10 லட்சம் ஏக்கராக இருந்த கீழ்ப் பர்மாவின் நெற்பரப்பு 1930ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 1 கோடி ஏக்கராக விரிந்தது. காட்டை வெட்டிக் கழனியாக்கிய உழவருக்கு முதல் விளைச்சல் வரும்வரை மாடு, விதை, கூலி, சாப்பாடு ஆகிய அனைத்துக்கும் பணம் தேவைப்பட்டது. ஆங்கிலேய வங்கிகளோ அரிசி ஏற்றுமதிக்குக் கடன் கொடுத்தனவேயன்றிச் சிற்றூர் உழவரிடம் செல்லவில்லை. தொடர்ந்து 12 ஆண்டுகள் நிலத்தை அனுபவித்து வரி செலுத்தியவருக்கு உரிமை வழங்கிய 1876ஆம் ஆண்டுச் சட்டம், நிலத்தை அடமானம் வைக்கத்தக்க சொத்தாக்கியது. வங்கிகள் விட்ட இடைவெளியில்தான் செட்டிநாட்டிலிருந்து ‘கொண்டுவிற்க’, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, வந்த நகரத்தார் கால் ஊன்றினர். ரங்கூனில் மொகல் தெருவில் (இன்றைய ஷ்வே பொந்தா தெரு) அவர்களது கடைகள் நெருங்கி அமைந்தன. அங்கிருந்து பாசின், பியாபோன், பெகு, மோல்மேன் முதலிய ஊர்களுக்குக் கிளைகள் பரவின.

பங்கும் விலாசமும்

நகரத்தார் நிறுவனம் பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்கோ, பங்கு சேர்ந்த சில குடும்பங்களுக்கோ உரியதாக இருந்தது. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைக்கப்பட்ட ‘விலாசம்’ அதன் அடையாளம். ஒருவரே ரங்கூன் கடையொன்றில் ஒருவரோடும், பாசின் கடையொன்றில் வேறொருவரோடும் பங்காளியாக இருக்க முடிந்ததால், ஒரு கடையின் நிலை பல கடைகளின் கவலையாயிற்று. பங்கு முதலோடு உறவினரின் பணமும் பெண்களின் சீதனப் பணமும் கோயில் பணமும் வட்டிக்கு வந்து சேர்ந்தன. புழங்கிய பணத்தில் பெரும்பகுதி நகரத்தார் சமூகத்துக்குள்ளிருந்தே திரண்டது. இத்தகைய பங்குத் தொழிலில் பங்காளிகளின் பொறுப்புக்கு வரம்பு இல்லை. கடை முறிந்தால் கடனைத் தீர்க்கச் சொந்த வீடும் நிலமும்கூட ஈடாகும் என்பதால், யாரோடு பங்கு சேர்வது என்பதில் அவர்கள் மிகுந்த கவனம் காட்டினர்.

மேலாளும் சம்பளச் சீட்டும்

முதலாளிகளில் பலர் காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களில் இருக்க, பர்மாக் கடையை நடத்தியவர் ‘மேலாள்’ எனப்பட்ட முகவர். அவருக்கு உதவியாக ‘அடுத்தாள்’ இருந்தார்; தொழில் பழக வந்த சிறுவன் ‘பெட்டியடிப் பையன்’ எனப்பட்டான். மேலாளின் பணிக்காலம் வழக்கமாக மூன்று ஆண்டுகள். ‘சம்பளச் சீட்டு’ என்ற ஒப்பந்தத்தில் அவரது சம்பளமும் கடமையும் குறிக்கப்பட்டன. சம்பளத்தின் ஒரு பகுதி புறப்படும்போதே முன்பணமாகக் கொடுக்கப்பட்டுக் குடும்பத்தின் கையில் சேர்ந்தது. தவணை முடிவில் இலாபத்தில் ஒரு பங்கும் கிடைத்தது. நாட்குறிப்பும் பேரேடும் நாள்தோறும் எழுதப்பட, வரவு செலவு, பற்று, இருப்பு ஆகியவற்றைச் சுருக்கிக் காட்டும் ‘ஐந்தொகை’ ஊருக்கு அனுப்பப்பட்டது. கடல் கடந்து இருந்த முதலாளி கடையை நேரில் காணாமலேயே அதன் நிலையை அறிந்துகொண்டது இந்தக் கணக்குகளால்தான்.

பல நிறுவனங்கள் ஒரே கூடத்தில் இயங்கிய ‘கிட்டங்கி’ என்ற அமைப்பு கூட்டு வாழ்வின் வெளிப்படையான வடிவமாகும். நீண்ட கூடத்தின் இரு பக்கமும் பாய் விரித்து, ஒவ்வொரு கடைக்கும் உரிய தாழ்ந்த மரப்பெட்டியை முன்னால் வைத்து மேலாட்கள் அமர்ந்தனர். பெட்டிக்குள் பேரேடும் பத்திரங்களும் பணமும் இருந்தன. ஒருவரிடம் கடன் கேட்டு வந்தவர் இன்னொருவரிடம் எவ்வளவு பட்டிருக்கிறார் என்பது அடுத்த பெட்டியில் கேட்டால் தெரிந்துவிடும். கடன் வாங்குவோரின் நாணயத்தை விசாரிக்கத் தனி அமைப்பு தேவைப்படாதிருந்ததற்கு இந்த அருகாமையே காரணம்.

வட்டி நிர்ணயம்

நிறுவனங்கள் தமக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கான வட்டியை மாதந்தோறும் ரங்கூன் செட்டியார் கோயிலில் கூடி முடிவு செய்தன. பணத்தின் வரத்தையும் நெல் பருவத்தின் தேவையையும் ஆராய்ந்து அங்கே அறிவிக்கப்பட்டது ‘நடப்பு வட்டி’. கேட்டவுடன் திருப்பித் தரவேண்டிய பணத்துக்கு இது பொருந்தியது. சில மாதக் கெடுவுக்கு ஒப்படைத்து, கெடு முடிவில் வட்டியை முதலோடு சேர்க்கும் வைப்புக்குத் ‘தவணை வட்டி’ பொருந்தியது. நடவுக் காலத்தில் பணத்துக்குத் தட்டுப்பாடும், அறுவடைக்குப் பின் பணப்பெருக்கமும் ஏற்படும் நாட்டில், எல்லோரும் அறிந்த ஒரே விகிதம் இருந்ததால், பணம் மிகுந்த கடை பணம் குறைந்த கடைக்குப் பேரமின்றிக் கொடுக்க முடிந்தது. அதே வேளையில் உழவருக்கும் வணிகருக்கும் கொடுக்கும் கடனின் வட்டியை ஒவ்வொரு கடையும் ஈட்டையும் ஆளையும் பார்த்துத் தானே முடிவு செய்தது. கூட்டும் போட்டியும் எங்கெங்கே நிற்கவேண்டும் என்ற வரம்பு தெளிவாக இருந்தது.

அடத்திக் கடைகளும் உண்டியலும்

பெரிய நிறுவனங்கள் சில ‘அடத்தி’க் கடைகளாக, அதாவது சிறிய கடைகளின் உபரிப் பணத்தைப் பெற்று, வேண்டியபோது அவற்றுக்குக் கொடுத்து, அவற்றுக்கிடையிலான பாக்கியைப் பேரேட்டிலேயே தீர்த்துவைக்கும் தாய்க் கடைகளாகச் செயல்பட்டன. ஓரிடத்தில் பணம் பெற்றுக்கொண்டு இன்னோரிடத்தில் கொடுக்கச் சொல்லும் எழுத்துக் கட்டளையான உண்டியல், இக்கடைகளின் வழியே செல்லுபடியானது. பியாபோனில் ஒரு கடை எழுதிய உண்டியலை ரங்கூன் அடத்திக் கடை ஏற்றுக்கொள்ள, உரியவருக்குச் செட்டிநாட்டில் பணம் கிடைத்தது. நாணயம் எதுவும் கடலைக் கடக்கவேண்டியிருக்கவில்லை. இன்றைய வங்கிகளுக்கிடையே நடைபெறும் தீர்வகப் பணி இதனோடு ஒப்பிடத்தக்கது.

கோயில், மகமை, பஞ்சாயத்து

நகரத்தார் யாவரும் இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி உள்ளிட்ட ஒன்பது நகரக் கோயில்களில் ஏதேனும் ஒன்றைச் சார்ந்தவர்கள். மணமான ஒவ்வொரு இணையும் தம் கோயிலில் ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கிடப்படுகிறது. தொழில் செய்யச் சென்ற ஊர்களில் அவர்கள் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பி, வரவில் ஒரு சிறு பகுதியை ‘மகமை’யாகச் செலுத்தினர். அப்பணம் வழிபாட்டுக்கும் அறத்துக்கும் செலவானது. மீதி கடைகளில் வட்டிக்கு வளர்ந்தது. கோயிலில் கூடிய பஞ்சாயத்து பங்காளிகளின் வழக்கைத் தீர்த்தது. வாக்குத் தவறியவருக்கு உண்டியல் செல்லாது, பங்கு கிடைக்காது, பெண் எடுப்பதும் கொடுப்பதும்கூடக் கடினமாகும் என்ற நிலையில், நேர்மை தனிமனித இயல்பாக மட்டும் விடப்படாமல் சமூகத்தின் காவலுக்கு உட்பட்டிருந்தது. வெளியாரோடும் அரசோடும் பேச நாட்டுக்கோட்டைச் செட்டியார் சங்கம் இயங்கியது.

எல்லையும் முறிவும்

இந்த ஒழுங்கில் பர்மிய உழவருக்கு இடமில்லை. பர்மிய வட்டிக்காரரைவிடச் செட்டியாரின் வட்டி பொதுவாகக் குறைவு என்றாலும், வட்டியைப் பற்றியோ கெடுவைப் பற்றியோ பேசும் அவையில் கடன் வாங்கியவர் அமரவில்லை. கடன்களில் மூன்றில் இரண்டு பங்கு விளைநிலத்தோடு பிணைந்திருந்ததால், எல்லாக் கடைகளும் ஒரே நெல் விலையை நம்பி நின்றன. 1930இல் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்து ஏறத்தாழப் பாதியானபோது, உழவர் கடன் கட்ட முடியாமல் நிலத்தை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938இல் 25 விழுக்காடாக, அதாவது சுமார் 25 லட்சம் ஏக்கராக உயர்ந்தது. நகரத்தார் விரும்பியது பணமே. நிலம் அவர்களது தொழிலை முடக்கியதோடு பர்மியரின் கோபத்தையும் அவர்கள்மேல் திருப்பியது. 1941 டிசம்பரில் ரங்கூன்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்ததும் பெரும்பாலோர் வெளியேறினர். 1948ஆம் ஆண்டு நில நாட்டுடைமைச் சட்டமும் 1963ஆம் ஆண்டு வங்கி நாட்டுடைமையும் எஞ்சியவற்றையும் முடித்துவைத்தன.

பிற்கால வடிவங்களும் மதிப்பீடும்

பர்மாவில் திரண்ட அனுபவம் வேறு வடிவங்களில் தொடர்ந்தது. மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று நகரங்களில் ஒரே நாளில் திறக்கப்பட்டது. 1900இல் பர்மாவில் லேவாதேவியாகத் தொடங்கிய முருகப்பா குழுமம் 1930களில் தன் முதலை இந்தியாவுக்கு மாற்றித் தொழில்துறைக்குள் நுழைந்தது.

பொது விகிதம், ஒத்த கணக்குமுறை, இலாபத்தில் முகவருக்கும் பங்கு, பாக்கியைத் தீர்க்கும் தாய்க் கடை, வழக்கைத் தீர்க்கும் அவை ஆகிய ஐந்தும் ஒருங்கே அமைந்ததால்தான் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் நம்பிக்கையோடு கைகோத்து நின்றன. ஆயினும், கூட்டின் ஆபத்தில் முழுப்பங்கு ஏற்ற உழவரை அதன் ஆலோசனையில் சேர்க்காத எந்த ஏற்பாடும், உள்ளே எவ்வளவு உறுதியாக இருந்தாலும், வெளியே நிலம் நழுவும்போது நிலைப்பதில்லை என்பதை ரங்கூன் வரலாறு காட்டுகிறது. கூட்டுறவைத் திட்டமிடும் நிறுவனங்கள், தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கைக்கு இணையாக, அந்த உடன்படிக்கையின் விளைவைச் சுமப்பவர்களையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்பதே இதன் நிலையான படிப்பினையாகும்.