புகைக்குழாய்க்கு வழிவிட்ட சட்டம்

நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, நேரான பாதையில் கால் மைலை, அதாவது 402 மீட்டரை, முதலில் கடப்பவர் யார்? 'டிராக்' பந்தயத்தின் விதி இவ்வளவுதான். (மிக வேகமான இரு பிரிவுகளுக்கு மட்டும் 2008-இல் இத்தூரம் 1000 அடியாகக் குறைக்கப்பட்டது.) ஓட்டம் எளியது, ஆனால் அதற்காக உருவான காரின் முன்பகுதி எளியதன்று. எஞ்சினின் இரு புறமும் பின்னிக் கிடக்கும் பாம்புகளைப் போல எட்டுப் புகைக்குழாய்கள் இறங்குகின்றன. அவற்றை ஒட்டியே காரைத் தாங்கும் சட்டத்தின் எஃகுக் குழாய்களும் செல்கின்றன. இரண்டும் கேட்பது ஒரே இடத்தை. எது விலக வேண்டும்? இக்கேள்விக்குப் பல ஆண்டுகளாகக் கண்ட விடைகளின் வரலாற்றைப் பார்ப்போம்.

இரண்டு தண்டவாளங்கள்

அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் வறண்டுபோன ஏரிப் படுகைகள் உண்டு. 1930-களில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களைச் செப்பனிட்டு அங்கே ஓட்டிப் பார்த்தனர். 1950-இல் சாண்டா ஆனா நகர விமான நிலைய ஓடுபாதையில் முறையான பந்தயம் தொடங்கியது. அடுத்த ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் கழகத்தை நிறுவினார்.

அக்காலக் கார்களில் எடையைக் குறைக்கக் கதவு, கூரை எல்லாவற்றையும் கழற்றி எறிந்தனர். எஞ்சியவை எஞ்சின், சக்கரங்கள், அவற்றை இணைக்கும் இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்கள் மட்டுமே. தண்டவாளம் போல் தெரிந்ததால் இவற்றை 'ரெயில்' என்றே அழைத்தனர். எஞ்சின் வெட்டவெளியில் இருந்தது. புகை குட்டையான குழாய்களின் வழியே பக்கவாட்டில் வெளியேறியது. குழாய்க்கும் சட்டத்துக்கும் பெரிய சண்டை ஏதும் அப்போது இல்லை.

குழாய் ஏன் நீண்டது?

புகைக்குழாய் புகையை வெளியேற்றும் வழி மட்டுமன்று. வெளியேற்று வால்வு திறந்ததும் அழுத்த அலையொன்று குழாயில் பாய்கிறது. குழாய் முடிந்து அகன்ற இடம் வந்ததும், அது குறைந்த அழுத்த அலையாக மாறித் திரும்புகிறது. சரியான நேரத்தில் அது வால்வை அடைந்தால், சிலிண்டரில் எஞ்சிய புகையை உறிஞ்சி வெளியே இழுக்கும். புதுக் கலவை உள்ளே வரவும் துணை செய்யும்.

சூடான புகையில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 570 மீட்டர் செல்கிறது என்று கொள்வோம். குழாயின் நீளம் 90 செ.மீ. என்றால், அலை போய்வர வினாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரம் ஆகும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் கிராங்க் தண்டு அதற்குள் மூன்றில் ஒரு பங்குச் சுற்றுக்குமேல் சுழன்றுவிடும். ஆகவே குழாயின் நீளத்தை நம் வசதிக்கேற்ப நீட்டவோ குறைக்கவோ முடியாது. எட்டுக் குழாய்களும் கூடியவரை ஒரே நீளமாக இருப்பதும் நல்லது. இவ்வாறு அமைந்த குழாய்த் தொகுதிக்கு 'ஹெடர்' என்று பெயர்.

கிரைஸ்லர் நிறுவனப் பொறியாளர்கள் சிலர் 'ராம்சார்ஜர்ஸ்' என்ற குழுவாகக் கூடி, இந்த அலை அறிவியலைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தனர். 1959-இல் அவர்கள் ஓட்டிய பழைய 1949 பிளிமத் காரில் ஊதுகொம்பு போல் விரிந்த புகைக்குழாய்கள் இருந்தன. பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம், ஆனால் அதன் பின்னே கணக்கு இருந்தது.

ஆற்றல் மிகுந்த பெரிய எஞ்சின்களுக்குக் குழாயின் பருமனும் கூடியது. தடித்த, நீண்ட, சம நீளக் குழாய்கள் எட்டு! அவற்றை எங்கே வைப்பது?

இட நெருக்கடி

தெருவில் ஓடும் காரின் வடிவைக் கொண்ட பந்தயக் கார்களில் இந்த நெருக்கடி முற்றியது. வி-8 எஞ்சினில் புகை வாய்கள் இரு பக்கங்களிலும் வெளிப்புறம் நோக்கி இருக்கின்றன. அதே இடத்தில்தான் சட்டம், சுக்கான் தண்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவையும் உள்ளன. 1960-களின் ஃபோர்டு ஃபால்கன், மஸ்டாங் போன்றவற்றில் முன்சக்கரச் சுருள்வில்லைத் தாங்கும் கோபுரங்கள் எஞ்சினை இருபுறமும் நெருக்கின.

'காஸர்' வகைக் கார்க்காரர்கள் ஒரு வழி கண்டனர். முன்பக்கத் தொங்கமைப்பை நீக்கிவிட்டு, நேரான அச்சும் பட்டை வில்லும் பொருத்தினர். குழாய்களைச் சக்கரக் குழிகளின் வழியே வெளியே விட்டனர்.

மேலூதி பொருத்தி நைட்ரோமீத்தேனில் ஓடும் டிராக்ஸ்டர்களுக்கோ இத்தொல்லை குறைவு. காற்றை மேலூதியே திணிப்பதால், அலையின் உதவி அங்கே அவ்வளவு முக்கியமன்று. 1960-களின் நடுவில் அவற்றின் குட்டைக் குழாய்கள் மேல்நோக்கித் திரும்பின. மேலே பீறிடும் புகையின் எதிர்விசை காரைத் தரையில் அழுத்தவும் உதவியது.

இயற்கையாகக் காற்றை இழுக்கும் எஞ்சின்களுக்கு இவ்வழி பயனில்லை. 1970-இல் 'புரோ ஸ்டாக்' பிரிவு தொடங்கியபோது கேள்வி மீண்டும் எழுந்தது. சிறந்த விடை தந்தவர் பில் ஜென்கின்ஸ். 1974-இல் அவர் கொண்டுவந்த செவர்லே வேகா காரில், தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பதில் முழுவதும் எஃகுக் குழாய்ச் சட்டம் இருந்தது. முன்சக்கரங்களுக்கு மாக்ஃபர்சன் தாங்கிகள். வில்லும் அதிர்வடக்கியும் ஒரே தண்டில் அமைவதால் மேற்கை தேவையில்லை. பருமனான சுக்கான் பெட்டிக்கு மாற்றாகப் பற்சட்டச் சுக்கான். இவற்றால் எஞ்சினின் இரு பக்கங்களும் விடுபட்டன. சட்டத்தை எப்படி வெட்டுவது என்று கேட்காமல், அங்கே என்ன இருக்கத் தேவையில்லை என்று கேட்டதே இதன் சிறப்பு.

குழாயின் வலிமை

குழாய்ச் சட்டத்தின் மேன்மை என்ன? 40 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள எஃகுக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதே எடையுள்ள திண்மக் கம்பியின் விட்டம் 17 மி.மீ.க்குச் சற்று அதிகம். வளைவை எதிர்க்கும் திறனில் குழாய் அக்கம்பியைவிட ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு உயர்ந்தது. மூங்கில் இதே முறையில்தான் வளர்கிறது.

ஆனால் இந்த வலிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு: குழாய் நேராக இருக்க வேண்டும். மேற்சொன்ன குழாயின் நீளவாக்கில் 1000 கிலோ கிராம் விசை அழுத்தினால், சதுர மி.மீ.க்கு 4 கிலோவுக்குச் சற்று மேல் தகைவு ஏற்படும். ஹெடருக்கு இடம் விட அதே குழாயை நேர்கோட்டிலிருந்து 5 செ.மீ. விலக்கி வளைத்தால், வளைவினால் மட்டும் 23 கிலோ கூடுகிறது. மொத்தம் 27. அதாவது, தகைவு ஆறரை மடங்கு! குழாயைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்குவது இன்னும் தவறு. நசுங்கிய இடமே முதலில் மடியும்.

இது வெறும் கணக்கன்று. புறப்படும் வேகத்தில் டிராக் காரின் முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பும். பின்பு முழு வேகத்தில் விழும். அந்த அடியைத் தாங்குவது முன்சட்டமே. அது மடிந்தால் சுக்கான் ஓட்டுநரின் சொல் கேட்காது.

ஆகவே தேர்ந்த பட்டறைகள் ஒரு வரிசையைப் பின்பற்றுகின்றன. எஞ்சினைப் பக்கவாட்டில் தாங்கும் பிடிகளை நீக்கி, அதன் முன்முகத்தில் ஓர் அலுமினியத் தகட்டைக் குறுக்கே பொருத்தினால் பக்கங்களில் இடம் கிடைக்கும். அதுவும் போதாவிட்டால், முதலில் புதிய குழாயைப் பற்றவைத்து விசைக்கு மாற்றுப் பாதை அமைக்க வேண்டும். அதன் பின்னரே பழையதை வெட்ட வேண்டும். புதிய குழாய்கள் கூடியவரை நேராக, முக்கோணங்களாக அமைய வேண்டும். நாற்கோணம் சாயும்; முக்கோணம் சாயாது. பற்றவைப்பைத் தேய்த்து அழகுபடுத்தவும் கூடாது. தேய்க்கும்போது இணைப்பு மெலியும், குறையும் மறையும். போட்டி விதிகளும் இதைத் தடுக்கின்றன.

இடைவெளியும் வேண்டும். 90 செ.மீ. எஃகுக் குழாயின் வெப்பம் 600 பாகை உயர்ந்தால், அது ஏறத்தாழ 6 மி.மீ. நீளும். எஞ்சினும் சுமையில் சற்றே அசையும். குளிர்ந்திருக்கும்போது சட்டத்தை உரசாத ஹெடர், ஓட்டத்தில் உரசலாம்.

எஞ்சினின் குதிரைத்திறனையே எல்லாரும் பேசுகிறார்கள். அத்திறனைப் பெறப் புகைக்குழாய் கேட்ட இடத்தைச் சட்டம் கொடுத்தது. ஆனால் தன் கடமையை வேறொரு குழாயிடம் ஒப்படைத்த பிறகே கொடுத்தது. பாலத்திலும் கூரையிலும் விமானத்திலும் பொறியியலின் விதி இதுவே: ஒன்றை வெட்டுமுன், அது சுமந்த பாரத்தை இனி யார் சுமப்பார் என்று கேளுங்கள்.