ரமளானில் வாழும் ளகரம்

கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே வரலாற்றுச் சான்றுகள் அல்ல. மக்கள் நாவில் வழங்கும் சொற்களும் சான்றுகளே. கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம் எனத் தொடரும் நம் கடற்கரையில் நோன்பு மாதத்தை ‘ரமளான்’ என்போரும் உளர். ‘ரம்ஜான்’ என்போரும் உளர். அறபுச் சொல் ஒன்றே. அது வந்த வழிகள் இரண்டு.

அறபியின் ‘ளாத்’ எழுத்தைப் பாரசீகர் ஜகரத்தை ஒத்த ஒலியாக மாற்றினர். அவ்வொலி வடநாட்டு ஆட்சியாளரோடு தரைவழியே தெற்கே வந்தது. ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் கோவளம் ‘சஆதத் பந்தர்’ எனப் பெயர் பெற்றது. துறைமுகத்தைக் குறிக்கும் ‘பந்தர்’ பாரசீகச் சொல்லே.

தமிழ் முஸ்லிம்களோ ‘உளூ’, ‘பர்ளு’, ‘களா’ என்றே வழங்கி வந்தனர். இதனைக் கொச்சை என்று ஒதுக்குவோர் சற்றுச் சிந்திக்க வேண்டும். ளாத் ஒலி நாவின் பக்க ஓரத்திற்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பிறக்கிறது என 8ஆம் நூற்றாண்டு இலக்கண மேதை ஸீபவைஹி வரையறுத்தார். நாவின் பக்கவாட்டில் காற்று வழியும் நம் ளகரம் அதற்கு அணித்தானது. அந்தப் பழைய ஒலியை உலகின் வேறு கரைகளும் காத்துள்ளன. ‘அல்காளீ’ ஸ்பெயினில் ‘அல்கால்தே’ ஆயிற்று. ‘பர்ளு’ மலாய் மொழியில் ‘பெர்லு’ ஆயிற்று. நம் ‘லெப்பை’யும் அங்கே ‘லெபை’ என வாழ்கிறது. கடல்வழி வணிகத்தின் சுவடுகள் இவை.

வடக்கே ‘நமாஸ்’, ‘ரோஜா’ என்னும் பாரசீகச் சொற்கள் நிலைத்தன. நம் முன்னோரோ தொழுகை, நோன்பு எனத் தாய்மொழியிலேயே வணக்கங்களுக்குப் பெயரிட்டனர். சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்த ‘பள்ளி’ என்னும் சொல்லை இறையில்லத்திற்குச் சூட்டினர். பாங்கு, கந்தூரி போன்ற பாரசீகச் சொற்களும் நம்மிடம் உண்டு. எனினும் வணக்கத்தின் அடிப்படைச் சொற்கள் தமிழாகவே நின்றன. மார்க்கத்தை ஏற்றவர்கள் மொழியைத் துறக்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்று நம் இல்லங்களில் ‘நோன்பு திறத்தல்’ மறைந்து ‘இஃப்தார்’ மட்டுமே ஒலிக்கிறது. திருக்குர்ஆனை ஓதும்போது தஜ்வீத் முறைப்படி ஒவ்வோர் எழுத்தையும் பேணுவது கடமை. அதற்காக வீட்டுப் பேச்சிலுள்ள ளகரத்தைப் பிழையெனப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அதனை இழந்தால், கடல்வழியே தீன் வந்த வரலாற்றின் வாய்மொழிச் சான்று ஒன்றை நாமே அழித்தவராவோம்.