நள்ளிரவில் ஓடிய மாரத்தான்: 68 பேரில் 28 பேர் பாதியிலேயே விலகியது ஏன்?

மாரத்தான்னாலே பெரும்பாலும் காலையில்தான் தொடங்கும். ஆனால் 2019 உலக தடகள சாம்பியன்ஷிப்பில் பெண்கள் மாரத்தான் தொடங்கிய நேரம் இரவு 11.59 மணி. இடம்: கத்தார் தலைநகர் தோஹா. நாள்: செப்டம்பர் 27.

ஏன் நள்ளிரவு?
தோஹாவின் பகல் வெயிலில் 42.195 கி.மீ. ஓடுவது ஆபத்து. அதனால்தான் இந்த ஏற்பாடு. ஆனால் நள்ளிரவிலும் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கும் மேல்.

ஈரப்பதம் என்ன செய்யும்?
ஓடும்போது உடம்பு சூடாகும். வியர்வை ஆவியானால்தான் அந்தச் சூடு தணியும். காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை வழியுமே தவிர, காயாது. தண்ணீர் குடிச்சா மட்டும் போதாது. வேகத்தைக் குறைக்கணும், இல்லைன்னா ஓட்டத்தை நிறுத்தணும்.

முடிவு என்ன?
களமிறங்கியது 68 பேர். ஓடி முடித்தது 40 பேர்தான். எத்தியோப்பியாவின் 3 வீராங்கனைகளுமே பாதியில் விலகினர். தங்கம் வென்ற கென்யாவின் ரூத் செப்ன்கெடிச்சுக்கு ஆன நேரம் 2 மணி 32 நிமிடம் 43 விநாடி. அதே ஆண்டு ஜனவரியில் துபாய் மாரத்தானை அவர் 2 மணி 17 நிமிடம் 8 விநாடியில் முடித்திருந்தார்!

அதன்பின் என்ன மாறியது?
அடுத்த மாதமே, டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான் போட்டிகளை வெப்பம் குறைந்த சப்போரோ நகருக்கு மாற்றியது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி. 2021 ஆகஸ்ட் 7 அன்று அங்கேயும் வெயில் பயம் விடவில்லை. காலை 7 மணிக்குத் தொடங்க வேண்டிய பெண்கள் போட்டி, 6 மணிக்கே தொடங்கியது.