உறையாத குருதி: மலாயாக் குழிவிரியனும் அங்க்ராட் மருந்தும்

நஞ்சிலிருந்து வந்த மருந்துகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பிரேசிலில் தொடங்குவர். ஜராரகா விரியனின் நஞ்சில் செர்ஜியோ ஃபெரெய்ரா 1965இல் கண்டறிந்த பெப்டைடுகளின் வழியே குஷ்மனும் ஒண்டெட்டியும் கேப்டோபிரிலை வடிவமைத்தனர். 1981இல் அது இரத்தக்கொதிப்பு மாத்திரையாக அமெரிக்க ஒப்புதல் பெற்றது. இந்தக் கதையைச் சொல்லும்போது கடிபட்டவர் வருவதேயில்லை. மலாயாவின் கதையோ கடிபட்டவரிடமிருந்தே தொடங்குகிறது. அங்க்ராட் என்னும் மருந்தை முதலில் காட்டிக்கொடுத்தது மருத்துவமனைக் கட்டில். அந்த மருந்து பின்னாளில் தடுமாறியதற்கான விளக்கத்தையும் அங்கேயே தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

காஜாங்கில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு முரண் உண்டு. கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களில் இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் நட்ட ஊர் இது. ஆனால் மலாயாக் குழிவிரியன் இந்த வட்டாரத்துப் பாம்பன்று. கெடா, பெர்லிஸ், பினாங்கு எனத் தீபகற்பத்தின் வடக்கே வாழ்வது. பாம்பு வேறானாலும் வேலை ஒன்றுதான். விடியுமுன் தலைவிளக்குடன் பால்மரம் சீவப் போகிறவரின் கால், உதிர்ந்த இலைச்சருகில் பட்டபடியே நடக்கும். இந்த விரியனின் நிறமும் சருகின் நிறமே. ஆள் அரவம் கேட்டாலும் விலகாது, மிதித்தால் கடிக்கும். இதைத் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் கதையாக மட்டும் சொல்வதும் மிகையாகும்; வடமாநில மலாய்க் குடியானவர்களும் இதே பாம்பிடம் கடிபட்டவர்கள்தாம்.

அப்படிக் கடிபட்டவர்களைப் பினாங்கு பொது மருத்துவமனையில் கவனித்தவர் ஹியூ அலிஸ்டர் ரீட். அவர் சான், தியன் ஆகியோருடன் 1963இல் லான்செட் இதழில் பதிவு செய்த செய்தி வியப்பானது. நச்சுமுறி மருந்து கொடுக்கப்படாத சிலருக்கு வாரக்கணக்கில் இரத்தம் உறையவில்லை. ஆயினும் அவர்கள் பெரும்பாலும் நலமாகவே நடமாடினர். கடிபட்ட தொடக்க நாட்களில் கண்ட இரத்தக்கசிவுக்கு, குழாய்ச்சுவரைச் சிதைக்கும் வேறொரு நச்சுப்பொருளே காரணம் என்று ரீட் பிரித்துணர்ந்தார். உறையாமை வேறு, கசிவு வேறு. இந்தப் பிரிவினையை எந்தச் சோதனைக்குழாயும் முதலில் சொல்லவில்லை, நோயாளியின் உடல்தான் சொன்னது.

உறையாமை எப்படி நேர்கிறது? இயல்பாகத் திராம்பின் என்னும் நொதி, ஃபைப்ரினோஜனிலிருந்து ஏ, பி என்னும் இரு துணுக்குகளையும் வெட்டுகிறது. பதின்மூன்றாம் உறைகாரணியையும் தூண்டி இழைகளை இறுகப் பிணைக்கிறது. இந்த விரியனின் நஞ்சிலுள்ள நொதியான அங்க்ராட் வெட்டுவது ஏ துணுக்கை மட்டுமே, அந்தக் காரணியையும் தூண்டுவதில்லை. விளைவு, பாவு ஓடி ஊடை விழாத துணி. உடல் அந்தத் தளர்ந்த இழைகளை உடனுக்குடன் கரைத்துவிடுகிறது. ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோக, உறைவதற்கான மூலப்பொருளே இல்லாமல் இரத்தம் நெகிழ்ந்து ஓடுகிறது.

எஸ்னூஃபும் டன்னாவும் 1967இல் இந்த நொதியைப் பிரித்தெடுத்தனர். மறுஆண்டே, இரத்தக்கட்டி நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் லான்செட்டில் வந்தன. ‘ஆர்வின்’ என்ற பெயரில் மருந்தும் ஆயிற்று. பிறகு பக்கவாதத்தின் பக்கம் கவனம் திரும்பியது. 2000இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், மூன்று மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கப்பட்டவர்களில் 42.2 விழுக்காட்டினர் நல்ல நிலைக்குத் திரும்பினர். போலிமருந்துக் குழுவில் 34.4 விழுக்காடு. 1222 பேரைக் கொண்டு ஆறு மணி நேர எல்லை வைத்த ஐரோப்பிய ஆய்வோ, 2006இல் இரு குழுக்களுக்கும் ஒரே பலன் என்றது. அதோடு மூளைக்குள் இரத்தக்கசிவு மருந்துக் குழுவிலேயே கூடுதல்.

நேரம் கடந்ததே தோல்விக்குக் காரணம் என்பது வழக்கமான விளக்கம். அதை நான் மறுக்கவில்லை, ஆனால் அது பாதி விளக்கமே. உறையாத இரத்தத்துடன் நடமாடிய பினாங்கு நோயாளியின் மூளைக் குழாய்கள் கெடாதவை. பக்கவாத நோயாளியின் மூளையிலோ, இரத்தம் எட்டாத பகுதியின் குழாய்ச்சுவர் நேரம் செல்லச் செல்ல நைந்து போகிறது. உறையாமையால் மட்டும் கசிவு வராது என்பது கெடாத சுவரை நிபந்தனையாகக் கொண்ட உண்மை. ரீட் கண்டதில் அந்த நிபந்தனை மறைந்தே இருந்தது. மருந்து பக்கவாதத்துக்குப் போனபோது முடிவு மட்டும் உடன் போயிற்று, நிபந்தனை பின்தங்கிவிட்டது.

பாம்பை மட்டும் இங்கே யாரும் மறக்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் டான் நெட் ஹோங், ஞானஜோதி பொன்னுதுரை ஆகியோர் இதே நஞ்சின் எல்-அமினோ அமில ஆக்சிடேஸைப் பிரித்தெடுத்து 1994இல் விவரித்தனர். விரியன் நஞ்சு மஞ்சளாகத் தெரிவது அந்த நொதியால்தான். கடிபட்டவருக்கு வேண்டிய நச்சுமுறியோ இன்றும் பாங்காக்கிலிருந்து, தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சவோவாபா நிறுவனத்திலிருந்து வருகிறது.