மதிப்பெண் போடுவதற்கு முன்: இங்கிலாந்தின் உள்ளாட்சி மானியங்களில் நியாயம் தொடங்கும் இடம்

தன்னார்வ அமைப்புகளுக்கு மானியம் வழங்குவதில் இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் தடுமாறிய நிகழ்வுகளில் மிகுதியாகப் பேசப்பட்டவை இரண்டு. இரண்டும் லண்டனில் நடந்தவை. ஒன்று மேற்கே ஈலிங்கில், 2008இல். மற்றொன்று கிழக்கே டவர் ஹாம்லெட்ஸில், 2014இல். விதியை இறுகப் பிடித்ததால் ஈலிங் தவறியது, விதியைக் காற்றில் விட்டதால் டவர் ஹாம்லெட்ஸ் தவறியது என்று இவற்றை எதிரெதிர்ப் பாடங்களாகக் கொள்வது வழக்கம். இரண்டிலும் நடந்த பிழை ஒன்றே என்பது இக்கட்டுரையின் வாதம். பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது, அதனால் யார் விடுபடுவார்கள் என்ற ஆய்வு முடிவுக்கு முன்பே, ஊரறிய நடந்திருக்க வேண்டும். இரு இடங்களிலும் அது நடக்கவில்லை.

ஈலிங்கிலிருந்து தொடங்கலாம். 1979இல் அவ்வட்டாரத்துச் சவுத்தாலில் உருவான சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ், குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வரும் தெற்காசிய, கறுப்பினப் பெண்களுக்காகப் பணியாற்றும் அமைப்பு. அதற்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பவுண்டு கொடுத்துவந்த மன்றம், 2007இல் கொள்கையை மாற்றியது. இனம், பால், மதம் என எந்த வேறுபாடும் இல்லாமல், வட்டாரத்தில் குடும்ப வன்முறைக்கு ஆளான எல்லாருக்கும் சேவை தரும் ஒரே நிறுவனத்துக்குத்தான் இனி நிதி என்றது. 'எல்லாருக்கும்' என்ற சொல்லை யாரும் எளிதில் எதிர்க்க முடியாது. அதன் வலிமையும் அதுதான். ஒற்றைச் சமூகத்துக்கு மட்டும் பணியாற்றும் அமைப்புகளுக்கு நிதி கொடுப்பதைப் பொதுவாகத் தவிர்க்கலாம் என்று ஒருங்கிணைப்பு, சமூக இணக்கம் குறித்த தேசிய ஆணையம் அதே ஆண்டு பரிந்துரைத்திருந்தது. அவ்வாணையத்தின் தலைவர் டாரா சிங் அப்போது ஈலிங் மன்றத்தின் தலைமை நிர்வாகியாகவும் இருந்தார் என்பதைக் குறித்துவைப்பதில் தவறில்லை.

அமைப்பின் உதவியைப் பெற்றுவந்த இரு பெண்கள் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2008 ஜூலையில் விசாரணையின் இரண்டாம் நாளே மன்றம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. இருந்தும் நீதியரசர் மோசஸ் விரிவான தீர்ப்பு எழுதினார். 1976ஆம் ஆண்டு இன உறவுகள் சட்டத்தின் 71ஆம் பிரிவு அப்போது சுமத்திய கடமையைக் கொள்கை வகுத்த பிறகு ஒரு படிவம் நிரப்பித் தீர்த்துவிட முடியாது. தாக்க மதிப்பீடு கொள்கைக்கு முன்னால் வர வேண்டும் என்பது அதன் சாரம். சிறுபான்மையினருக்கான தனிச் சேவை சமத்துவத்துக்கு எதிரானதன்று, சில வேளைகளில் சமத்துவத்துக்கு வழியே அதுதான் என்றும் அவர் விளக்கினார். அவர் கண்ட பிழை அளவுகோலின் சொற்களில் இல்லை. அளவுகோல் பிறந்த முறையில் இருந்தது.

டவர் ஹாம்லெட்ஸின் கதை வேறு மாதிரித் தோன்றும். நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் லுத்ஃபுர் ரகுமானின் நிர்வாகம் பற்றிப் புகார்கள் எழவே, 2014 ஏப்ரலில் அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் நிறுவனத்தை ஆய்வுக்கு அனுப்பினார். அதிகாரிகள் மதிப்பெண் போட்டுத் தந்த பரிந்துரைகள் பெருமளவில் மாற்றப்பட்டதையும், குறைந்தபட்சத் தகுதிகூட இல்லாதவை என்று அதிகாரிகள் ஒதுக்கிய அமைப்புகளுக்கு 4 லட்சம் பவுண்டுக்கு மேல் போனதையும் நவம்பரில் வந்த அறிக்கை காட்டியது. டிசம்பரில் மானிய அதிகாரம் அரசு நியமித்த ஆணையர்களின் கைக்குப் போனது. 2015 ஏப்ரலில் தேர்தல் நீதிமன்றம் முந்தைய ஆண்டின் மேயர் தேர்தலைச் செல்லாது என்று அறிவித்தபோது, வாக்குக்காக மானியம் கொடுத்ததும் அதற்கான காரணங்களில் ஒன்றாக இருந்தது. ரகுமான் குற்றச்சாட்டுகளை மறுத்தார். காவல்துறை விசாரணை குற்றவியல் வழக்கில் முடியவில்லை. 2022இல் அதே பதவிக்கு மக்கள் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள்.

இதிலிருந்து பலர் வந்து சேரும் முடிவு: அரசியல்வாதிகள் கையை எடுக்கட்டும், அதிகாரிகள் மதிப்பெண் போடட்டும். எனக்கு இதில் உடன்பாடில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் அதிகாரியின் பரிந்துரையை மறுப்பதில் தன்னளவில் குற்றம் இல்லை. ஊர் எது, அதன் தேவை எது என்று சொல்லத்தானே அவருக்கு வாக்களிக்கிறார்கள்? அறிக்கையில் எனக்கு முதன்மையாகப் படுவது, மாற்றங்களுக்குத் தெளிவான காரணம் பதிவாகவில்லை என்ற குறை. காரணம் எழுதப்பட்டிருந்தால் அதை எதிர்த்து வாதாடியிருக்கலாம். எழுதாத காரணத்தோடு யார் வாதாடுவது?

அதிகாரியின் மதிப்பெண் நடுநிலையானது என்ற நம்பிக்கையும் நிற்காது. லண்டன் பெருநகர மன்றம் கென் லிவிங்ஸ்டன் தலைமையில் 1981 முதல் பெண்கள், சிறுபான்மை இனத்தவர், ஓரினச் சேர்க்கையாளர் ஆகியோரின் அமைப்புகளுக்கான மானியத்தைப் பல மடங்கு பெருக்கியது. அது அரசியல் என்று எதிரிகள் சாடினார்கள், அரசியல்தான். அதற்கு முன் அவ்வமைப்புகளுக்குப் பெரிதாக எதுவும் போகாததும் அரசியலே, யாரும் அப்படிச் சொல்லவில்லை என்பதைத் தவிர. 1986இல் அம்மன்றம் கலைக்கப்பட்டபோது, 1985ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 48ஆம் பிரிவு லண்டன் வட்டாரங்களுக்கான கூட்டு மானியத் திட்டம் ஒன்றுக்கு இடம் தந்தது. அதன் நிதிக்கு மூன்றில் இரு பங்கு மன்றங்களின் இசைவு தேவை. அரசியலை நீக்க இயலாது, பேரத்தை வெளிப்படையாக்கலாம் என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது.

விண்ணப்பப் படிவத்தையே எடுத்துக்கொள்வோம். எந்த மன்றமானாலும் கேட்பவை ஏறத்தாழ இவை: அமைப்பின் விதித்தொகுப்பு, இருவர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு, சென்ற ஆண்டின் வரவுசெலவு, சிறார் பாதுகாப்புக் கொள்கை, பொதுப் பொறுப்புக் காப்பீடு. இதுவரை யாருக்கும் புகார் இருக்காது. அடுத்து வருபவைதான் ஆளைப் பிரிப்பவை: தேவைக்குச் சான்று என்ன, விளைவை எப்படி அளப்பீர்கள், வட்டார மக்கள் அனைவருக்கும் எப்படிப் பயன்படும்? லண்டனில் சனிக்கிழமைதோறும் ஏதோ ஒரு பள்ளியின் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்து, பெற்றோர்களே ஆசிரியர்களாக நின்று நடத்தும் தமிழ்ப் பாடசாலைகளை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அவற்றில் ஒன்றின் பொருளாளர் வாரம் முழுதும் வேறு வேலை பார்ப்பவர். பிள்ளைகள் தமிழ் படிப்பதால் வரும் விளைவை எந்த எண்ணில் அவர் எழுதுவார்? 'அனைவருக்கும்' என்ற கேள்வியில் அவர் இழக்கும் மதிப்பெண், ஈலிங்கில் சவுத்தால் பெண்கள் இழந்ததற்கு ஒப்பானது. விண்ணப்பம் எழுதச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் பெரிய தொண்டு நிறுவனம் அதே கேள்விகளைச் சிரமமில்லாமல் கடந்துவிடும். இங்கே யாரும் விதியை மீறவில்லை.

ஊர்மன்ற (parish council) அளவில் நிலைமை சற்று எளிது. 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 137ஆம் பிரிவின்கீழ், வேறு அதிகாரம் இல்லாத இடத்தில், ஊர் நலனுக்காகச் செலவிடத் தலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2024-25இல் வாக்காளர் ஒருவருக்கு 10.81 பவுண்டு. 3,000 வாக்காளர் உள்ள ஊரில் மொத்தம் 32,430 பவுண்டுதான். அங்கே உறுப்பினர்களும் விண்ணப்பதாரர்களும் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசுகிறவர்கள். பல நேரம் இருவரும் ஒருவரே. விண்ணப்பத்தில் தமக்குள்ள தொடர்பை அறிவித்துவிட்டு அறையை விட்டு வெளியேறும் சடங்கு அங்கே சடங்கன்று, உயிரான பாதுகாப்பு.

ஒரு பகுதியினர் மானியத்தையே விட்டுவிட்டு ஒப்பந்தத்துக்கு மாறினால் சிக்கல் தீரும் என்பார்கள். ஏலம், விலை, நிபந்தனை எல்லாம் வெளிப்படை. ஆனால் ஈலிங் 2007இல் செய்ய நினைத்தது அதற்கு மிக நெருங்கியதுதான்: சேவையின் வடிவத்தை மன்றமே வரைந்து, செய்யும் ஒருவரைத் தேடியது. ஒப்பந்தத்தில் வாங்குபவர் தமக்குத் தெரிந்த தேவையை மட்டுமே வாங்குவார். தமக்குத் தெரியாத தேவையோடு ஒருவர் வந்து கதவைத் தட்ட மானியம் இடம் தருகிறது.

பணமாகப் போகாத மானியங்கள் வேறு இருக்கின்றன. தொண்டு நிறுவனம் என்ற தகுதிக்கு வணிகக் கட்டட வரியில் 80 விழுக்காடு தள்ளுபடி கட்டாயம்; எஞ்சிய 20ஐத் தள்ளுவது மன்றத்தின் விருப்பம். மன்றக் கட்டடத்தைப் பெயரளவு வாடகைக்குக் கொடுப்பதும் உண்டு. ஒரு சமூகக் கூடத்துக்கு இது எந்தக் காசோலையையும் விடப் பெரிய உதவியாக இருக்கலாம். இவற்றை முடிவு செய்யும் துறைகள் வேறு என்பதால் மானியக் குழுவின் அட்டவணையில் இவை பெரும்பாலும் தென்படுவதில்லை. டவர் ஹாம்லெட்ஸ் அறிக்கை மானியத்தோடு சொத்துக் கைமாற்றத்தையும் கண்டித்தது தற்செயலன்று.

2014இல் வந்த உள்ளாட்சி வெளிப்படைத்தன்மை விதித்தொகுப்பு, தன்னார்வ அமைப்புகளுக்குக் கொடுத்த மானியம் ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடச் சொல்கிறது: நாள், பெற்றவர், தொகை, நோக்கம். நல்ல ஏற்பாடு, ஆனால் பாதிதான். கேட்டும் கிடைக்காதவர் யார், அதிகாரி எத்தனை மதிப்பெண் தந்தார், உறுப்பினர் எதற்காக மாற்றினார் என்பவை அந்தப் பட்டியலுக்குள் வருவதில்லை. மறுக்கப்பட்ட அமைப்பின் பெயர் வெளியே வந்தால் அதன் மதிப்புக் கெடும் என்று ஓர் ஆட்சேபம் எழலாம். பெயரை மறைத்து, எந்த வகைச் சேவை, எந்தப் பகுதி, எந்தக் கேள்வியில் விழுந்தது என்பதை மட்டும் வெளியிட்டாலே போதும். மூன்று ஆண்டுப் பட்டியலை அடுக்கிப் பார்த்தால், தொடர்ந்து ஒரே வகை அமைப்புகள் ஒரே கேள்வியில் விழுகின்றனவா என்பது தெரிந்துவிடும். விழுந்தால் அந்தக் கேள்வியை அடுத்த சுற்றுக்கு முன் மன்றக் கூட்டத்தில் வைத்து, மதிப்பெண் முறையில் அது ஏன் இருக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் பெயர் சொல்லி வாக்களிக்கட்டும்.